புஷ்பம் அக்கா நன்மை வாங்கிய ஈஸ்டர்

செய்தி வந்தபோது நான் இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தேன். கைபேசியில் புஷ்பம் அக்காவின் வீட்டுக்காரர் சங்கரலிங்கம் அண்ணாச்சியின் பெயர். அந்த நேரத்தில் அவர் கூப்பிட்டால் என்ன செய்தியாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அவர் வாயால் கேட்க வேண்டுமே. "கோமதிம்மா, புஷ்பம் போயிட்டா. காப்பி குடிக்கியான்னு கேட்டேன், பதில் இல்ல. தூங்குத மாதிரியே இருந்தா" என்றார். பிறகு, "எல்லாம் நல்லபடியா முடிஞ்சிட்டும்மா" என்றார்.

நான் அழவில்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு ஒரு பெருமூச்சு விட்டேன். அது நிம்மதிப் பெருமூச்சு. பதினைந்து வருடங்கள் பக்கத்து மேசையில் இருந்த அக்கா இறந்துபோன செய்தியைக் கேட்டு நிம்மதியாக இருந்தது என்றால் என்னை நெஞ்சழுத்தக்காரி என்பீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள். இந்தச் சாவு ஈஸ்டருக்கு முன்னால் வந்திருந்தால் என்னால் தாங்கியிருக்க முடியாது. பின்னால் வந்தது. அது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று புஷ்பம் அக்காவை அறிந்தவர்களிலேயே பலருக்குத் தெரியாது. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மரியபுஷ்பம் என்பது முழுப்பெயர். மேலநீலிதநல்லூரில் இருவரும் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தோம். சங்கரன்கோவிலிலிருந்து ஒரே பஸ்ஸில் போவோம், ஒரே பஸ்ஸில் திரும்புவோம். முதலில் ஏறுகிறவர் மற்றவருக்கு இடம் போட்டு வைப்பது எங்களுக்குள் எழுதாத ஒப்பந்தம். எனக்கு வாய் நீளம், அவருக்கு வார்த்தைகள் கொஞ்சம். அதனால்தான் ஒத்துப்போனது என்று நினைக்கிறேன். "ஏட்டி, நீ எனக்கும் சேத்துப் பேசிருத, எனக்குத் தொண்டை மிச்சம்" என்பார்.

ஒரு சாம்பல் புதன்கிழமை. கிறிஸ்தவர்களின் தவக்காலம் அன்றுதான் தொடங்கும். காலைப் பூசைக்குப் போய் நெற்றியில் சாம்பலால் சிலுவை வாங்கிக்கொண்டு அப்படியே பஸ் ஏறியிருந்தார். வேர்வையில் சிலுவை கரைந்து வெறும் பூச்சாகத் தெரிந்தது. எதிரே உட்கார்ந்திருந்த ஒரு பெரியம்மா, "அம்மன் கோயிலுக்குப் போயிட்டு வாரியா தாயி? கூட்டம் உண்டுமா?" என்று கேட்டார். அக்கா சிரித்துக்கொண்டு, "இது எங்க கோயில் நீறு பெரியம்மா. மண்ணுலேருந்து வந்தே, மண்ணுக்கே போவேன்னு சொல்லிப் பூசுவாக" என்றார். அந்தப் பெரியம்மா, "எங்க சாமியும் அதத்தான சொல்லுது" என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடிக்கத் தொடங்கினார். அக்காவுக்கு அந்தப் பதில் மிகவும் பிடித்துப்போனது. அலுவலகம் போய்ச் சேரும்வரை அதையே சொல்லிக்கொண்டு வந்தார்.

தவக்காலம் வந்துவிட்டால் அவருக்குத் தேநீர் கிடையாது. பதினொரு மணிக்குத் தேநீர் வரும்போது தன்னுடைய கிளாசை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிடுவார். தேநீர்ப் பைத்தியம் அவர். மற்ற நாள்களில் என்னுடையதிலும் பாதியை வாங்கிக் குடிக்கிறவர். அந்த வாசனை வரும்போது முகத்தைப் பார்க்கப் பாவமாக இருக்கும். எதற்கு இந்த வம்பு என்று ஒருமுறை கேட்டேன். "நாக்கக் கட்டிப்போட்டாத்தான் மனசு எங்கன ஓடுதுன்னு தெரியும்" என்றார். கட்டிப்போட்ட நாக்கோடு அவர் மனது எங்கே ஓடிக்கொண்டிருந்தது என்று அப்போது எனக்குத் தெரியாது.

ஈஸ்டர் முடிந்த திங்கட்கிழமை எங்கள் அலுவலகத்துக்குத் திருநாள். பெரிய அடுக்குத் தூக்கில் ஆப்பமும் ஆட்டுக்கறிக் குழம்பும் வரும். கறி சாப்பிடாதவர்களுக்குத் தேங்காய்ப்பாலும் முந்திரிக்கொத்தும் தனியாக வரும். அதோடு ஆளுக்கு ஒரு சாய முட்டை. பீட்ரூட்டில் வேகவைத்தால் சிவப்பு, வெங்காயத் தோலில் வேகவைத்தால் செம்மண் நிறம். முட்டைக்கும் ஏசுவுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரோ கேட்டதற்கு, "குஞ்சு ஓட்ட ஒடச்சிட்டு வெளிய வருதுல்லா, அவரு கல்லறைய ஒடச்சிட்டு வந்தாரு. அவ்வளவுதான்" என்றார். முதல் வருடம் என் முட்டையை வீட்டுக்குக் கொண்டுபோனேன். எங்கள் வீட்டில் முட்டை வாசலைத் தாண்டாது. மாமியார் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையை அக்காவிடம் நடித்தே காட்டினேன். அடுத்த வருடம் முட்டையின் இரண்டு முனையிலும் ஊசியால் துளையிட்டு, உள்ளே இருப்பதை ஊதி எடுத்துவிட்டு, கழுவிய ஓட்டுக்கு மட்டும் சாயம் ஏற்றிக் கொண்டுவந்தார். "இத ஒங்க மாமியார் பூசை அறையிலகூட வைக்கலாம்" என்றார். பூசை அறையில் வைக்கவில்லை. தொலைக்காட்சிப் பெட்டி மேல் வெகுநாள் இருந்தது.

இனி அண்ணாச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சங்கரலிங்கம் அண்ணாச்சி விசைத்தறிக்காரர். இந்து. அக்காவுக்கும் அவருக்கும் காதல் கல்யாணம், சார்பதிவாளர் அலுவலகத்தில் நடந்தது. தாலியை அங்கேயே வராந்தாவில் வைத்துக் கட்டினாராம். பிள்ளைகள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி இல்லாமல் அண்ணாச்சிக்கு விடியாது. ஆனால் தவக்காலம் முழுக்க அந்த வீட்டில் கறி கிடையாது. அவரும் வாயைக் கட்டிக்கொண்டிருப்பார். "ஒங்க தபசு எப்பம்தான் முடியும்?" என்று கேட்பாராம். அம்மன் தவமிருந்த ஆடித்தபசுக்கு ஊரே திரளும் இந்த ஊரில் வேறு எந்த வார்த்தை அவர் வாயில் வரும். அக்கா விடமாட்டார். "ஒங்க அம்மன் ஒத்தக்கால்ல நின்னா. நான் ரெண்டு கால்லதான நிக்கேன், பொறுங்க" என்பார். அந்த ஆடித்தபசுக் கூட்டத்தில் அண்ணாச்சியின் சட்டையைப் பிடித்துக்கொண்டு அக்காவும் நிற்பதை நானே பார்த்திருக்கிறேன்.

ஈஸ்டருக்கு முந்தின வாரம் வரும் குருத்தோலை ஞாயிற்றுக்கு ஓலை கொண்டுவருவது அண்ணாச்சிதான். கரிவலம்வந்தநல்லூரில் அவருடைய சொந்தக்காரர்களின் வயல் வரப்பில் பனை நிற்கிறது. ஏறுகிறவரிடம் சொல்லிவைத்து, இளங்குருத்தாக வெட்டி வாங்கி, மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு சனிக்கிழமை மாலை கோயிலுக்கு வருவார். கேட்டுக்கு வெளியே வண்டியை நிறுத்துவார். உள்ளேயிருந்து ஆள் வந்து ஓலையை எடுத்துக்கொண்டு போவார். அண்ணாச்சி உள்ளே போகமாட்டார். ஞாயிறு பூசைக்கும் அப்படித்தான். அக்காவைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, முடியும்வரை எதிர்ச்சாரிக் கடை நிழலில் நிற்பார். ஏன் உள்ளே வரக்கூடாது என்று நான் கேட்டதற்கு, "அது அவ எடம்மா. நான் போயி அங்கன என்ன செய்ய? அவளுக்குச் சங்கடம்" என்றார்.

ஒரு வருடம் ஈஸ்டர் காலைப் பூசைக்கு நான் அக்காவோடு போனேன். வேடிக்கை பார்க்கத்தான். வாரக்கணக்கில் ஊதாத் துணி போட்டு மூடிவைத்திருந்த சுரூபங்களை, அதாவது சிலைகளை, திறந்திருந்தார்கள். பீடத்தில் வெள்ளைப் பூவாகக் குவிந்திருந்தது. ஈஸ்டருக்கென்று ஏற்றும் பாஸ்கா மெழுகுதிரி ஆள் உயரத்தில் எரிந்துகொண்டிருந்தது. கொடியைப் பிடித்துக்கொண்டு கல்லறையிலிருந்து எழுந்துவரும் ஏசுவைச் சுற்றிச் சீரியல் விளக்குகள். நான் வாய் பார்த்துக்கொண்டிருந்தபோது எல்லாரும் எழுந்து வரிசையாக முன்னே போனார்கள். ஃபாதர் ஒவ்வொருவருக்கும் சின்ன வட்ட அப்பம் ஒன்றைக் கொடுத்தார். அதற்கு நற்கருணை என்று பெயர். 'நன்மை வாங்குவது' என்பார்கள். ஏசுவையே வாங்கி உண்பதாக அவர்கள் நம்பிக்கை. அக்கா போகவில்லை. பஸ்ஸில் ஜன்னலோர ஆள் இறங்க வழிவிடுவதுபோல முழங்காலை ஒதுக்கி மற்றவர்களுக்கு வழிவிட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். பெஞ்சில் நாங்கள் இரண்டு பேர்தான் மிச்சம். நான் வேற்று மதத்துக்காரி. இவர் ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

மறுநாள் பஸ்ஸில் கேட்டேன். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார். "கோயில்ல தாலி கட்டாம குடும்பம் நடத்துதவளுக்கு நன்மை கிடையாதுட்டி. வருசத்துல ஒரு தடவையாவது, ஈஸ்டருக்காவது, எல்லாரும் வாங்கியே ஆகணும்னு கடமை. எனக்கு அந்த ஒரு தடவையும் இல்ல." கோயிலில் கட்ட வேண்டியதுதானே என்றேன். "இவுக ஞானஸ்நானம் வாங்குனாத்தான் கட்டி வைப்பாகன்னு எங்க பெரியப்பா அப்பமே சொல்லிட்டாரு. இவுக என்னைய மாறச் சொல்லல. நான் மட்டும் எப்பிடி இவுகள மாறச் சொல்லுவேன்?" என்றார். அண்ணாச்சிக்கு இது தெரியுமா என்று கேட்டேன். தெரியாது. "சொல்லிராத. தாங்க மாட்டாக" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நானும் வாயை மூடிக்கொண்டேன். என் வாய் மூடியிருந்த ஒரே விஷயம் அதுதான்.

அக்கா ஓய்வு பெற்றார். அதன்பிறகு வயிற்றில் கட்டி என்றார்கள். திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக ஒரு வருடம் அலைந்தார்கள். இனிமேல் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னபோது இந்த வருடத் தவக்காலம் தொடங்க இருந்தது.

சாம்பல் புதன்கிழமை, வரமுடியாத நோயாளிகளுக்காக ஃபாதரே வீட்டுக்கு வந்தார். ஊருக்குப் புதிதாக மாற்றலாகி வந்திருந்த இளவயதுக்காரர். நானும் அங்கே இருந்தேன். அக்காவின் நெற்றியில் சாம்பல் பூசிவிட்டு, "ஞாயித்துக்கிழமை நன்மை கொண்டாரட்டுமாம்மா?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். அக்கா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். "வேண்டாம் சாமி" என்றார். ஃபாதர் என்னைப் பார்த்தார். நான் அவர் பின்னாலேயே வாசல்வரை போய், எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "அவரு மாற வேண்டாமே" என்றார்.

"என்னது?"

"மாற வேண்டாம்மா. அவரு அவர் சாமியக் கும்பிட்டுக்கிடலாம். பிஷப்கிட்ட ஒரு அனுமதி வாங்கணும், அது நான் பாத்துக்கிடுதேன். அவரு கோயிலுக்கு வந்து சம்மதம்னு சொல்லணும், ரெண்டு சாட்சி வேணும். முடிஞ்சிட்டு. ரொம்ப காலமாவே இப்பிடித்தான். இவங்க யார்ட்டயும் கேக்கலையா?"

கேட்கவில்லை. அதுதான் விஷயம். பெரியப்பா கோபத்தில் சொன்ன ஒரு வார்த்தையை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, முப்பது வருடங்களுக்கும் மேல், எத்தனையோ ஃபாதர்கள் வந்து போயும், ஒருவரிடம்கூட அக்கா கேட்கவில்லை. கணவரிடமும் கேட்கவில்லை. கேட்டால் அவர் தனக்காக மாறிவிடுவாரோ என்று பயம். அவரும் கோயிலுக்குள் வந்து பார்க்கவில்லை. வந்தால் இவருக்குச் சங்கடமாகுமோ என்று பயம். ஒருவருக்கொருவர் மரியாதை கொடுத்தே இரண்டு பேரும் இப்படிக் கெட்டுப்போனார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த வீட்டு வாசல் கேட்டைப் பிடித்து உலுக்கியிருப்பேன். ஃபாதர் நின்றுகொண்டிருந்ததால் விட்டேன்.

உள்ளே போய் அக்காவிடம் சொன்னேன். நம்பவில்லை. சாமி அப்படிச் சொன்னாரா, நீயாகச் சேர்த்துச் சொல்கிறாயா என்று என்னையே சந்தேகப்பட்டார். பிறகு கொஞ்ச நேரம் மேலே ஓடும் விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கேட்டிருக்கலாம்லாட்டி" என்றார். அவ்வளவுதான். சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். அக்கா அழுது நான் பார்த்தது அன்றுதான். அழுது முடித்துவிட்டு, "இப்பம் அவுகட்ட யாரு கேக்கது? படுக்கையில கெடந்துக்கிட்டு என்னையக் கல்யாணம் கட்டுங்கன்னு கேக்கவா?" என்றார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு தறிக்கூடத்துக்கு நடந்தேன்.

தறிச் சத்தத்தில் நான் சொன்னது எதுவும் அண்ணாச்சிக்குக் கேட்கவில்லை. ஒரு தறியை நிறுத்தினார். அப்போதும் கேட்கவில்லை. எல்லாவற்றையும் நிறுத்தினார். அந்தக் கூடம் வேலை நேரத்தில் அப்படி அமைதியானதை நான் பார்த்ததில்லை. நான் சொல்லி முடித்ததும், "அவ வாங்கதில்லையா?" என்று கேட்டார்.

"இல்ல அண்ணாச்சி."

"நான் எதுத்தாப்புல நிப்பேனே. முடிஞ்சி வெளிய வந்து சிரிச்சிட்டுத்தான வண்டியில ஏறுவா."

நான் நின்றுபோன தறியைப் பார்த்தேன்.

"இத்தன வருசமா பட்டினியாவா வெளிய வந்தா?" என்றார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தார். "எப்பம் வரணும்னு சொல்லு. ஞானஸ்நானம் வாங்கச் சொன்னாலும் வாங்குதேன்" என்றார். அதெல்லாம் வேண்டாமாம் என்றேன். "அதுவும் வேண்டாமா?" என்று கேட்டார்.

இதோடு கதை முடிந்திருக்க வேண்டும். பிஷப்பின் அனுமதியும் வந்துவிட்டது. ஆனால் அக்கா இருக்கிறாரே. தவக்காலத்தில் கல்யாணம் கிடையாது, ஈஸ்டர் வரட்டும் என்றுவிட்டார். ஃபாதர் எடுத்துச் சொன்னார். நோயாளிக்கு அந்த வழக்கமெல்லாம் பார்க்க வேண்டாம், நாளைக்கே வைத்துக்கொள்ளலாம் என்றார். "எங்க வீட்டுல தவக்காலத்துல யாரும் தாலி கட்டுனதில்ல சாமி. முறைப்படி நடக்கட்டும்" என்று அக்கா அசையவில்லை. நான் சண்டை போட்டேன். அதற்குள் போய்விட்டால் என்ன செய்வீர்கள் என்று முகத்துக்கு நேராகவே கேட்டேன். "போயிட்டா அங்கன வச்சிக் கட்டிக்கிடுதேன், நீ சாட்சிக்கு வா" என்றார். அண்ணாச்சி, "அவ இஷ்டம்" என்று சொல்லிவிட்டு எழுந்துபோனார். ஆனால் அந்த நாள்களில் அவர் ஒரு வாய்ச் சோறு ஒழுங்காகத் தின்று நான் பார்க்கவில்லை.

அந்த வாரங்களை எப்படிக் கடத்தினோம் என்று எங்களுக்குத்தான் தெரியும். குருத்தோலை ஞாயிற்றுக்கு வழக்கம்போல அண்ணாச்சி ஓலை கொண்டுவந்தார். ஒரு குருத்தை மட்டும் வீட்டுக்கு எடுத்துவந்து கொடுக்க, அக்கா படுத்தபடியே மடித்து ஒரு சிலுவை செய்தார். அதற்கே மூச்சு வாங்கியது. பெரிய வெள்ளிக்கிழமை கோயிலில் எல்லாருக்கும் கஞ்சி ஊற்றுவார்கள். அண்ணாச்சி தூக்குச்சட்டியோடு வரிசையில் நின்று வாங்கிவந்தார். அக்கா இரண்டு கரண்டி குடித்துவிட்டு, "உப்பு பத்தல" என்றார். குற்றம் சொல்கிற அளவுக்குத் தெம்பு இருக்கிறதே என்று எங்களுக்குச் சந்தோஷம். அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. அன்று மாலையே குடித்ததெல்லாம் வாந்தியாகி, மறுநாள் முழுக்க நினைவு வருவதும் போவதுமாகக் கிடந்தார்.

சனிக்கிழமை மாலை என்னால் முடியவில்லை. யார் என்ன சொன்னாலும் சரி, ஃபாதரைக் கூப்பிட்டுவிடுவது என்று கைபேசியை எடுத்தேன். அக்கா கண்ணைத் திறந்தார். "மணி அடிச்சிட்டா?" என்றார். பெரிய வியாழனோடு கோயில் மணியை நிறுத்திவிடுவார்கள், மரக்கட்டையைத்தான் தட்டுவார்கள். சனிக்கிழமை இரவு ஈஸ்டர் பூசையில்தான் மறுபடி மணி அடிக்கும். "இல்லக்கா" என்றேன். "அப்பம் இன்னும் தவக்காலந்தான். போன வை" என்றார். வைத்தேன். நானும் அண்ணாச்சியும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்திருந்தோம். மணி அடித்தபோது அக்கா தூங்கிக்கொண்டிருந்தார். மார்பு ஏறி இறங்குகிறதா என்று இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். ஏறி இறங்கியது.

விடிந்ததும் வெள்ளைச் சேலை கேட்டார். சக்கர நாற்காலியில் உட்காரவைத்துக் கோயிலுக்குக் கொண்டுபோனோம். பூசைக்கு முன்னால் கல்யாணம். அதற்கும் முன்னால் அக்கா தன் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தை ஃபாதர் தனியாகக் கேட்டார். நாங்கள் ஒதுங்கி நின்றோம். அண்ணாச்சி வெளுத்த வேட்டி, பட்டையாகத் திருநீறு. எல்லாரும் கோயில் வாசற்படியில் செருப்பைக் கழற்றுவார்கள். அவர் கேட்டிலேயே கழற்றிவிட்டார். கழற்றிவிட்டு அங்கேயே நின்றார். வாங்க அண்ணாச்சி, வாங்க என்று இரண்டு மூன்று பேர் கூப்பிட்ட பிறகுதான் கால் உள்ளே வந்தது.

இவரை மனைவியாக ஏற்றுக்கொள்ளச் சம்மதமா என்று ஃபாதர் கேட்டார். தறிக்காரர்களுக்கு மெல்லப் பேசி வழக்கமில்லை. "சம்மதம்" என்று அண்ணாச்சி சொன்ன சத்தம் பாட்டுக் குழு வரைக்கும் கேட்டது. பெஞ்சுகளில் சிரித்துவிட்டார்கள். அக்காவின் முறை வந்தபோது, "நான் அப்பமே சம்மதிச்சிட்டேன் சாமி" என்றார். பழைய தாலியையே ஃபாதர் மந்திரித்துக் கொடுத்தார். அண்ணாச்சி மறுபடி கட்டினார். நானும் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் ஆளும் சாட்சிக் கையெழுத்துப் போட்டோம். எத்தனையோ கோப்புகளில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், ஒரு கையெழுத்துக்கு இப்படிச் சந்தோஷப்பட்டதில்லை.

பூசை நடந்தது. வரிசை எழுந்தது. அக்கா போகவேண்டியிருக்கவில்லை, ஃபாதரே முதலில் கீழே இறங்கி வந்தார். அக்கா நாக்கை நீட்டி வாங்கிக்கொண்டு கண்ணை மூடினார். பக்கத்திலேயே உட்கார்ந்து கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்த அண்ணாச்சி, என் பக்கம் குனிந்து, "வாங்கிட்டாளா?" என்று கேட்டார். "வாங்கிட்டாக அண்ணாச்சி" என்றேன். வெகுநேரம் கழித்து அக்கா கண்ணைத் திறந்தார். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "பசி அடங்கிட்டுட்டி" என்றார்.

அதன்பிறகு சில வாரங்கள் இருந்தார். வலி குறையவில்லை. ஆனால் முகம் தெளிந்துவிட்டது. ஞாயிறுதோறும் ஃபாதர் வீட்டுக்கே நன்மை கொண்டுவந்தார். அவர் வரும் நேரத்தில் அண்ணாச்சி ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றிவைத்துக்கொண்டு, எரிச்சல்படும் அளவுக்கு முன்கூட்டியே வாசலில் நிற்பார். அக்கா இறந்த அன்றும், ஈஸ்டரைத் தொடர்ந்து வரும் பாஸ்கா காலம் முடிந்திருக்கவில்லை. பெட்டியின் தலைமாட்டில் அந்த ஆள் உயர மெழுகுதிரியை ஏற்றி வைத்திருந்தார்கள்.

கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டு முடிந்து எல்லாரும் கலையத் தொடங்கினார்கள். அண்ணாச்சி ஃபாதரிடம் போனார். கொஞ்சம் தயங்கினார். பிறகு கேட்டார். "சாமி, எனக்கு ஒண்ணு தெரியணும். நான் போனா இங்கன இவ பக்கத்துல எடம் கிடைக்குமா? அதுக்கு மாறணுமா? கேட்டுருதேன். கேக்காம இருந்துதான் நாங்க ரெண்டு பேரும் கெட்டோம்."

ஃபாதர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்களுக்கும் சேத்துத்தான் அண்ணாச்சி இந்த எடம். அம்மா ஈஸ்டர் முடிஞ்ச உடனே எங்கிட்ட கேட்டாங்க. எங்க வீட்டுக்காரக மாறாமலே வந்து எம் பக்கத்துல படுக்கலாமா சாமின்னு. பிஷப்கிட்ட கேட்டுச் சரின்னு வாங்கியாச்சு."

"அவளா கேட்டா?" என்றார் அண்ணாச்சி.

"அவங்களேதான் கேட்டாங்க."

அண்ணாச்சி மண்மேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். "கேட்டுட்டாளா" என்றார். அவர் முகத்தில் வந்தது அழுகைதான். ஆனால் அதைவிட நிம்மதியான ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை.

நம் அலுவலகத்தில் வைத்த இரங்கல் கூட்டத்தில் பேசிய நீங்கள் எல்லாரும் அக்காவின் பொறுமையைப் புகழ்ந்தீர்கள். அந்தப் பொறுமை உங்களுக்கு வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு அது வேண்டாம்; அதனால் அவர் பட்ட பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். வாழ்நாளெல்லாம் எதையும் யாரிடமும் கேட்காத என் அக்கா, போவதற்கு முன்னால் வாயைத் திறந்து ஒன்றே ஒன்று கேட்டார். தனக்காக இல்லை, கேட்டுக்கு வெளியிலேயே நின்ற அந்த மனுஷனுக்காகக் கேட்டார். கேட்டது கிடைத்தது. அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அதுதான்.